75,000 ரூபாய்க்குள் ஒரு கேமிங் கணினி: பாகங்களை எந்த வரிசையில் தேர்ந்தெடுப்பது?

அக்கா மகன் பிளஸ் டூ முடித்திருந்தான். 2025 மே மாதம் ஒரு மாலை, கையில் ஒரு பட்டியலோடு வீட்டுக்கு வந்தான். "மாமா, ஐ7 பிராசசர், 16 ஜிபி ராம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, கேபினட் முழுக்க லைட்டு. 38,000 ரூபாய்தான் சொல்றாங்க. வாங்கிடலாமா?"

பட்டியலில் ஐ7 என்று இருந்ததே தவிர, எந்தத் தலைமுறை என்று எழுதவில்லை. கடைக்கு போன் போட்டுக் கேட்டோம். நான்காம் தலைமுறை என்றார்கள். அதாவது 2013-ல் வந்த பிராசசர். அதில் நான்கு கோர் (தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்), எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் கையாளும் வேலைகள்). 2022-ல் வந்த ஐ3 12100எஃப் என்ற மலிவான பிராசசரிலும் அதே நான்கு கோர், எட்டு த்ரெட்தான். ஆனால் வேகத்தில் அந்தப் பழைய ஐ7 இதன் பக்கத்தில்கூட வர முடியாது. போதாக்குறைக்கு, இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசசர்களை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ம் தேதி முடிவதாக அப்போதே அறிவித்திருந்தார்கள். வாங்கிய ஐந்தாவது மாதத்திலேயே பழசாகிப் போகும் பெட்டி அது.

அந்தப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, மொத்தம் 75,000 ரூபாய், அதுவும் மானிட்டரோடு சேர்த்து என்று ஒரு எல்லை போட்டுக்கொண்டு மூன்று வாரம் உட்கார்ந்து தேடினோம். அந்த மூன்று வாரத்தில் நாங்கள் போன வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். பெரும்பாலானவர்கள் பிராசசரில் தொடங்குகிறார்கள், மீதிக் காசில் மற்றதை நிரப்புகிறார்கள். காசு வீணாவது அங்கேதான். திரையில் தொடங்கிப் பின்னோக்கி வந்தால், ஒவ்வொரு பாகத்துக்கும் எவ்வளவு போதும் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

விலை பற்றி முன்கூட்டியே ஒன்று. கீழே வரும் தொகைகள் 2025 மே மாதம் நாங்கள் கொடுத்தவை. அதே ஆண்டின் கடைசி மாதங்களில் ராம் விலை கடுமையாக ஏறியது. ஏஐ தரவு மையங்கள் மெமரி சிப்புகளை வாரிக்கொண்டு போனதுதான் காரணம். ஆகவே ரூபாயைப் பார்க்காமல் விகிதத்தைப் பாருங்கள்.

படி 1: என்ன விளையாடுவீர்கள், எந்தத் திரையில்?

ஒரு தாளை எடுத்து, அடுத்த ஓராண்டில் உண்மையாகவே விளையாடப் போகும் நான்கைந்து விளையாட்டுகளை எழுதுங்கள். அக்கா மகன் எழுதியதில் முதலில் வாலரண்ட், அப்புறம் ஜிடிஏ 5, ஈஏ எஃப்சி, கடைசியில் சைபர்பங்க் 2077. இந்த ஒரு பட்டியலிலேயே இரண்டு வேறு உலகங்கள் இருக்கின்றன. வாலரண்ட் மாதிரியான போட்டி விளையாட்டுகள் கிராபிக்ஸ் கார்டுக்குப் பெரிய சுமை தராது. பிராசசர் வேகமாக இருந்தால் 200 எஃப்பிஎஸ்-ஐ (நொடிக்கு வரும் ஃபிரேம்கள், அதாவது படங்களின் எண்ணிக்கை) தாண்டி ஓடும். சைபர்பங்க் கிராபிக்ஸ் கார்டைப் பிழிந்து எடுத்துவிடும். உங்கள் பட்டியலில் எந்த வகை அதிகம் என்பதைப் பொறுத்துத்தான் காசு எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது.

அடுத்தது மானிட்டர். இதை எல்லோரும் கடைசியில், மிச்சமிருக்கும் காசுக்கு வாங்குகிறார்கள். ஆனால் கிராபிக்ஸ் கார்டு எவ்வளவு உழைக்க வேண்டும் என்று தீர்மானிப்பதே மானிட்டர்தான். 1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 1440பி என்றால் 36.9 லட்சம். 4கே என்றால் 82.9 லட்சம். ஒவ்வொரு ஃபிரேமிலும் இத்தனை புள்ளிகளுக்கும் கார்டு நிறம் கணக்கிட்டாக வேண்டும். 75,000 ரூபாய் எல்லைக்குள் 4கே ஆசையை விட்டுவிடுங்கள். 24 அங்குல 1080பி திரை போதும். ஸ்டீம் என்ற விளையாட்டு விற்பனைத் தளம் மாதாமாதம் எடுக்கும் கணக்கெடுப்பிலும் அதிகம் பேர் வைத்திருப்பது 1080பி திரைதான்.

தெளிவைக் கூட்டுவதற்குப் பதிலாக ரிஃப்ரெஷ் ரேட்டை, அதாவது திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பதை, கூட்டுங்கள். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேம் 16.7 மில்லிசெகண்டு நிற்கும். 144 ஹெர்ட்ஸில் 6.9 மில்லிசெகண்டுதான். ஓடுகிற எதிரியைக் குறி வைக்கும்போது இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஐபிஎஸ் பேனல் (பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத வகை), 144 ஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேல், 24 அங்குலம். எங்களுக்கு 10,000 ரூபாய் ஆனது.

படி 2: கிராபிக்ஸ் கார்டு

இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். மானிட்டர் நீங்கலாக உள்ள தொகையில் 40 முதல் 45 சதவீதம் வரை இதற்கு ஒதுக்கலாம். எங்களிடம் மானிட்டர் போக 63,200 ரூபாய் செலவானதில், கார்டு மட்டும் 28,000.

முதல் கேள்வி: கார்டிலேயே இருக்கும் மெமரி எவ்வளவு? 4 ஜிபி கார்டைப் புதிதாக வாங்காதீர்கள், யார் சொன்னாலும் சரி. விளையாட்டின் படங்கள், பரப்புகள் எல்லாம் அந்த மெமரியில்தான் வந்து உட்காரும். இடம் போதவில்லை என்றால், ராமுக்கும் கார்டுக்கும் இடையே மாற்றி மாற்றிச் சுமக்க வேண்டியிருக்கும். சராசரி எஃப்பிஎஸ் நன்றாக இருப்பதுபோல் தெரியும், ஆனால் திடீர் திடீரென்று திரை திக்கும். இன்றைக்கு 1080பி-க்கு 8 ஜிபி என்பது அடிப்படை. 12 அல்லது 16 ஜிபி கிடைத்தால் அடுத்த சில ஆண்டுகளுக்கு நிம்மதி.

இரண்டாவது, பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒரே பெயரில் வெவ்வேறு கார்டுகள் விற்கப்படுகின்றன. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3050 என்ற பெயரில் 8 ஜிபி கார்டும் உண்டு, 6 ஜிபி கார்டும் உண்டு. வித்தியாசம் மெமரி அளவில் மட்டும் என்று நினைப்பீர்கள். முதலாவதில் 2560 கோர், 128 பிட் மெமரிப் பாதை. இரண்டாவதில் 2304 கோர், 96 பிட் பாதை. ஆர்டிஎக்ஸ் 3060-லும் இதே கதை: 12 ஜிபி கார்டுக்கு 192 பிட், பிறகு வந்த 8 ஜிபி கார்டுக்கு 128 பிட். ஏஎம்டியின் பழைய ஆர்எக்ஸ் 580-ல் 2048எஸ்பி என்று பின்னொட்டு இருந்தால், அது அசல் 580 இல்லை. அதன் தம்பியான 570-க்குச் சமமானது. பெட்டியின் மேலுள்ள முழுப் பெயரையும் எழுத்து எழுத்தாகப் படியுங்கள்.

சரி, எதை வாங்குவது? நாங்கள் வாங்கியது ஆர்டிஎக்ஸ் 4060. 8 ஜிபி, அதிகபட்சம் 115 வாட் மின்சாரம்தான் எடுக்கும். விளையாட்டுக்கு மட்டும் என்றால் அதைவிட விலை குறைந்த ஏஎம்டி ஆர்எக்ஸ் 7600-ஐயே எடுத்திருப்பேன். ஆனால் பையன் பொறியியல் கல்லூரியில் சேரப் போகிறான். பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று வெகுநாள் ஆசை. பிளெண்டர் மாதிரியான மென்பொருள்களுக்கு கார்டை விளையாட்டு அல்லாத கணக்கீடுகளுக்கும் பயன்படுத்த உதவும் என்விடியாவின் கூடா (CUDA) என்ற வசதி பெரிய உதவி. அதனால் இந்த முடிவு.

அதே மே மாதம் 19-ம் தேதி ஆர்டிஎக்ஸ் 5060 வெளிவந்தது. அமெரிக்காவில் 4060 வந்தபோது என்ன விலையோ, அதே 299 டாலர்தான் அறிவித்தார்கள். ஆகவே இன்று இரண்டும் ஒரே விலையில் கிடைத்தால் 5060-ஐ எடுங்கள். இன்டெல்லின் ஆர்க் பி580 இன்னொரு நல்ல தேர்வு. 12 ஜிபி மெமரி இருக்கிறது, அமெரிக்க அறிவிப்பு விலை 249 டாலர். ஆனால் அதற்கு மதர்போர்டில் ரீசைசபிள் பார் என்ற வசதி இயங்கியாக வேண்டும். பழைய பிராசசரோடு சேர்த்தால் அதன் வேகம் சரிந்துவிடுகிறது. கொஞ்சம் கூடுதலாகப் போட முடிந்தவர்கள் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி கார்டைப் பாருங்கள். அதே பெயரில் 8 ஜிபியும் இருக்கிறது, கவனம்.

பழைய கார்டு வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வாங்கலாம், ஆனால் கண்ணால் பார்த்து, ஓட்டிப் பார்த்துத்தான். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம், கார்டுகளை ஓட்டி நாணயம் ஈட்டும் மைனிங் முறையைக் கைவிட்டதும், இரவு பகலாக ஓடிய கார்டுகள் சந்தைக்கு வந்து குவிந்தன. விற்பவர் வீட்டிலேயே ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்து, சொன்ன கார்டுதானா என்று பாருங்கள்; போலி பெயர் ஏற்றிய கார்டுகளை அது பெரும்பாலும் காட்டிக் கொடுத்துவிடும். பிறகு கார்டை முழுச் சுமையில் சோதிக்கும் ஃபர்மார்க் மென்பொருளை 15 நிமிடம் ஓட்டுங்கள். திரையில் புள்ளிகளோ கோடுகளோ வருகிறதா, விசிறி கரகரக்கிறதா, வெப்பம் எங்கே போய் நிற்கிறது என்று கவனியுங்கள். "இங்கே மானிட்டர் இல்லை, வீட்டுக்குக் கொண்டு போய்ப் பாருங்கள்" என்று சொன்னால் வந்த வழியே திரும்பி விடுங்கள்.

படி 3: பிராசசர்

கிராபிக்ஸ் கார்டு முடிவானதும் பிராசசர் எளிது. கார்டுக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருக்கும் அளவுக்கு வேகம் வேண்டும்; அதற்கு மேல் போடும் காசு இந்த பட்ஜெட்டில் திரையில் தெரியாது. ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட் என்பது இன்றைய இனிமையான நடுநிலை. ஏஎம்டியின் ரைசன் 5 5600 அல்லது இன்டெல் ஐ5 12400எஃப். இரண்டில் எது அன்றைக்கு மலிவோ அது. எங்களுக்கு 5600 கிடைத்தது, 10,000 ரூபாய்.

விலை கொஞ்சம் குறைவு என்று ரைசன் 5 5500-க்குப் போகாதீர்கள். கோர் எண்ணிக்கை ஒன்றுதான், ஆனால் எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் அதிவேக மெமரி) 32-க்குப் பதில் 16 எம்பி. கிராபிக்ஸ் கார்டை இணைக்கும் பிசிஐஇ பாதையும் 4.0 கிடையாது, 3.0 மட்டும்தான். கேஷ் குறைந்தால் விளையாட்டுகளில் அடி விழும்.

இன்டெல்லில் எஃப் என்று முடியும் பிராசசர்களில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இருக்காது. 5600-லும் இல்லை. தனிக் கார்டு போடப் போவதால் பிரச்சினை இல்லை. ஆனால் கார்டு பழுதாகி சர்வீசுக்குப் போனால், அது திரும்பி வரும்வரை கணினியில் படமே வராது. இது தெரிந்தே வாங்குங்கள். இன்னொன்று, பெட்டியோடு வருவதா, பெட்டி இல்லாமல் உதிரியாக விற்கும் டிரே பிராசசரா என்று கேளுங்கள். 5600 பெட்டியில் கூலர் கூடவே வரும், மூன்று ஆண்டு வாரண்டியும் உண்டு. டிரே என்றால் கூலர் தனியாக வாங்க வேண்டும், வாரண்டியும் கடைக்காரர் சொல்வதுதான்.

கையில் 40,000 ரூபாய்க்குள்தான் இருக்கிறது என்பவர்கள் வருத்தப்பட வேண்டாம். ரைசன் 5 5600ஜி மாதிரி உள்ளமைந்த கிராபிக்ஸ் உள்ள பிராசசரோடு தொடங்கி, கார்டைப் பிறகு சேர்க்கலாம். வாலரண்ட் அதிலேயே நன்றாக ஓடும். கட்டாயம் இரண்டு ராம் துண்டுகள் போடுங்கள். உள்ளமைந்த கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ராமைத்தான் பயன்படுத்தும். ஒரே துண்டு போட்டால் பாதை பாதியாகிவிடும்.

படி 4: மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி

மதர்போர்டில் எஃப்பிஎஸ் கிடைக்காது. ஆனால் தவறான போர்டு எஃப்பிஎஸ்-ஐப் பறிக்கும். இந்த விலையில் உள்ள பல கார்டுகள், ஆர்டிஎக்ஸ் 4060, 5060, ஆர்எக்ஸ் 7600, ஆர்க் பி580 எல்லாமே, பதினாறு பாதைகளுக்குப் பதில் எட்டு பிசிஐஇ பாதைகளைத்தான் பயன்படுத்துகின்றன. 4.0 போர்டில் அது போதும். ஏ520 அல்லது பி450 போர்டில் 3.0 மட்டுமே இருப்பதால், அந்த எட்டுப் பாதையின் கொள்ளளவும் பாதியாகிவிடும். 8 ஜிபி மெமரி நிரம்பி வழியும் தருணத்தில்தான் இந்தக் குறை வெளியே தெரியும். ஆகவே 5600-க்கு பி550 எடுத்தோம், 9,000 ரூபாய். பழைய சரக்காக இருந்தால் 5000 வரிசை பிராசசரை ஏற்கும் பயோஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) போட்டிருக்கிறதா என்று கேட்டு, கடையிலேயே போடச் சொல்லிவிடுங்கள்.

"ஏஎம்5 வாங்கினா பின்னாடி மாத்திக்கலாமே மாமா" என்று பையன் கேட்டான். நியாயமான கேள்வி. ஏஎம்4, ஏஎம்5 என்பவை ஏஎம்டி பிராசசர் உட்காரும் சாக்கெட்டின் வகைகள்; 5600 ஏஎம்4-ல் உட்காருவது. ஏஎம்4 சாக்கெட் 2016-ல் வந்தது, அதன் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஏஎம்5 2022-ல் வந்தது. 2027-ஐத் தாண்டியும் அதற்கு ஆதரவு தருவதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. ஆனால் ஏஎம்5-க்கு டிடிஆர்5 ராம் மட்டும்தான் பொருந்தும். அன்று கணக்குப் போட்டபோது போர்டும் ராமும் பிராசசருமாகச் சேர்த்து கூடுதல் தொகை வந்தது. அதை எங்கிருந்து எடுப்பது? கிராபிக்ஸ் கார்டிலிருந்துதான். நான்கு ஆண்டு கழித்து ஒருவேளை மாற்றப் போகும் பிராசசருக்காக, இன்றே தினமும் கண்ணில் படும் கார்டைக் குறைக்க எனக்கு மனம் வரவில்லை. பட்ஜெட் ஒரு லட்சத்தைத் தொட்டிருந்தால் ரைசன் 5 7500எஃப் அல்லது 7600, ஒரு பி650 போர்டு என்று ஏஎம்5 பக்கமே போயிருப்போம்.

ராம் 16 ஜிபி, இரண்டு 8 ஜிபி துண்டுகளாக. டிடிஆர்4 என்றால் 3200 வேகம், டிடிஆர்5 என்றால் 6000. டிடிஆர்4 துண்டு டிடிஆர்5 இடத்தில் நுழையாது, வெட்டு இருக்கும் இடமே வேறு. எங்களுக்கு அன்று 3,200 ரூபாய்தான் ஆனது. இப்போது வாங்குகிறவர்களுக்கு இந்தச் செலவுதான் வலிக்கும். வீட்டில் பழைய கணினியில் நல்ல டிடிஆர்4 துண்டுகள் இருந்தால், அதை வைத்துக்கொண்டு ஏஎம்4 அல்லது டிடிஆர்4 ஏற்கும் இன்டெல் போர்டைச் சுற்றித் திட்டமிடுங்கள். ஒரே 16 ஜிபி துண்டைப் போட்டுவிட்டு "அப்புறம் இன்னொன்று வாங்கலாம்" என்று விட்டால், அதுவரை பிராசசர் ஒரு கையைக் கட்டிக்கொண்டு ஓடும்.

எஸ்எஸ்டி 1 டிபி, என்விஎம்இ என்ற வேகமான வகை. பெரிய விளையாட்டுகள் பல 100 ஜிபியைத் தாண்டுகின்றன, 500 ஜிபி சீக்கிரமே நிறைந்துவிடும். நொடிக்கு 3,500 எம்பியா 7,000 எம்பியா என்ற விளம்பரச் சண்டையில் இறங்க வேண்டாம்; விளையாட்டு திறக்கும் நேரத்தில் அது சில நொடி வித்தியாசம்தான் தரும். பெயர் தெரிந்த நிறுவனம், ஐந்து ஆண்டு வாரண்டி. 5,300 ரூபாய்.

படி 5: பவர் சப்ளையில் கை வைக்காதீர்கள்

கல்லூரியில் படிக்கும்போது நான் முதன்முதலாகச் சேர்த்த கணினியில், கேபினட்டோடு இலவசமாக வந்த பவர் சப்ளையையே போட்டிருந்தேன். மேலே 450 வாட் என்று எழுதியிருந்தது. எட்டாவது மாதம், ஒரு கோடைக்கால மாலையில் மின்சாரம் போய் வந்தது. ஒரு சத்தம், எரிந்த வாசனை. பவர் சப்ளை தனியாகப் போகவில்லை. மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போனது. கடைசி ஆண்டு புராஜெக்ட் அந்த டிஸ்க்கில் இருந்தது. அதை முதலிலிருந்து மறுபடி எழுதிய அந்த ஆறு வாரத்தை இன்றுவரை மறக்கவில்லை. அதனால்தான் இந்தப் பாகத்தைப் பற்றி யாரிடம் பேசினாலும் என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடுகிறது.

பவர் சப்ளையின் பக்கவாட்டில் ஒரு கட்டம் ஒட்டியிருக்கும். அதில் 12 வோல்ட் வரிசையைப் பாருங்கள். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் அதிலிருந்துதான் மின்சாரம் எடுக்கின்றன. அங்கே 15 ஆம்பியர் என்று இருந்தால், 12-ஐ 15-ஆல் பெருக்குங்கள்: 180 வாட். மேலே 450 என்று எழுதியிருந்தாலும், உங்களுக்குப் பயன்படுவது அந்த 180 மட்டும்தான். ஒழுங்கான 550 வாட் பவர் சப்ளையில் 12 வோல்ட் பக்கம் 45 ஆம்பியர் அளவில் இருக்கும், அதாவது 540 வாட். இந்த ஒரு பெருக்கல் தெரிந்தாலே பாதி ஏமாற்று வேலை பலிக்காது.

எங்கள் கணக்கு இப்படி வந்தது. 5600 அதிகபட்சம் 76 வாட், 4060 115 வாட், போர்டு, விசிறி, எஸ்எஸ்டி எல்லாவற்றுக்கும் 50 என்று வைத்தால் 241 வாட். "240தானே மாமா, எதுக்கு 550?" என்றான் பையன். கிராபிக்ஸ் கார்டுகள் கண் சிமிட்டும் நேரத்தில் தம் சராசரியைவிட மிக அதிகமாக இழுக்கும், அந்த உச்சத்தைத் தாங்க வேண்டும். பாதிச் சுமையில் ஓடும்போதுதான் பவர் சப்ளை சிக்கனமாகவும் சூடாகாமலும் ஓடும். மூன்று ஆண்டு கழித்து இன்னும் பெரிய கார்டு போட்டாலும் இதை மாற்ற வேண்டியிருக்காது. 80 பிளஸ் பிரான்ஸ் (Bronze, வெண்கலம்) முத்திரை உள்ள 550 வாட், 4,200 ரூபாய்.

அந்த முத்திரை பற்றியும் ஒரு வார்த்தை. 80 பிளஸ் என்பது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதைத்தான் சொல்கிறது. பிரான்ஸ் என்றால் பாதிச் சுமையில் 85 சதவீதம். பாதுகாப்புக்கு அது சான்று இல்லை. அதற்கு, குறிப்பிட்ட மாடலைப் பிரித்துப் பார்த்துச் சோதித்த விமர்சனங்களைத் தேடிப் படியுங்கள். அரை மணி நேர வேலை, ஆனால் மற்ற எல்லாப் பாகத்தின் உயிரும் இதில்தான் இருக்கிறது.

மூன்று பின் பிளக்கில் எர்த் ஒழுங்காக வருகிறதா என்று எலக்ட்ரீசியனை வைத்து ஒருமுறை பாருங்கள். கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்கிறது என்றால் எர்த் இல்லை என்று அர்த்தம்.

யுபிஎஸ் வாங்குவதாக இருந்தால் விஏ (வோல்ட்-ஆம்பியர்) எண்ணைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். 600 விஏ என்று விற்கப்படுவது பெரும்பாலும் 360 வாட்தான் தரும். எங்கள் 241 வாட், சுவரிலிருந்து எடுக்கும்போது 85 சதவீதக் கணக்கில் சுமார் 284 வாட். மானிட்டரையும் சேர்த்தால் 300-ஐத் தாண்டும். 360-க்கு மிக அருகில் இருக்கிறது, ஆகவே 1000 விஏ அளவுக்குப் போவது நல்லது. சில பவர் சப்ளைகள் மலிவான யுபிஎஸ் பேட்டரிக்கு மாறும் நொடியில் அணைந்துவிடும். வாங்கும் முன்பே, திருப்பிக் கொடுக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 6: கேபினட்

சென்னை மே மாதத்தில் வெளியே 40 டிகிரி, அறைக்குள் 34, 35. குளிர் நாட்டில் எடுத்த சோதனை எண்களை அப்படியே நம்பக் கூடாது. அறை பத்து டிகிரி கூடினால் உள்ளேயும் ஏறக்குறைய அதே பத்து கூடும். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியால் மூடிய கேபினட் பார்க்க அழகு, ஆனால் விசிறிக்குக் காற்று எங்கிருந்து வரும்? முன்பக்கம் வலை, அதன் பின்னே தூசி வடிகட்டி, முன்னால் இரண்டு விசிறி உள்ளே தள்ள, பின்னால் ஒன்று வெளியே இழுக்க. இது போதும். கார்டின் நீளத்தையும் கேபினட் தாங்கும் நீளத்தையும் மில்லிமீட்டரில் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். 3,500 ரூபாயில் முடித்தோம். லைட் ஒன்றே ஒன்று இருக்கிறது, பின்பக்க விசிறியில். பையனுக்கு அது போதுமானதாக இருந்தது.

படி 7: கடைக்குப் போகும் நாள்

சென்னையில் இருப்பவர்களுக்கு அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு இருக்கிறது. அங்கே போவதற்கு முதல் நாள், ஒவ்வொரு பாகத்துக்கும் குறைந்தது இரண்டு இணையக் கடைகளின் விலையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முழுப் பட்டியலையும் ஒரே கடையில் கொடுத்து மொத்த விலை கேளுங்கள். அப்புறம் அதே பட்டியலோடு இன்னும் இரண்டு கடை ஏறுங்கள். மொத்தமாகக் கேட்டால் ஒரு பாகத்தில் குறைத்து இன்னொன்றில் ஏற்றுவார்கள், அதனால் பாகம் வாரியாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

"பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருகிறேன்" என்பார்கள் சிலர். கணினிப் பாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம் என்பதால் மிச்சம் பெரிதாகத் தெரியும். ஆனால் பில் இல்லாமல் நாளைக்கு வாரண்டிக்கு நின்றால் யாரும் கேட்க மாட்டார்கள். பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் இருக்கட்டும். பெட்டியின் எண்ணும் உள்ளே இருக்கும் பாகத்தின் எண்ணும் ஒன்றுதானா என்று அங்கேயே ஒத்துப் பாருங்கள். "அது ஸ்டாக் இல்லை, இதுவும் அதே மாதிரிதான்" என்று பவர் சப்ளையையோ எஸ்எஸ்டியையோ மாற்ற முயன்றால், அந்தப் பாகத்தை மட்டும் வேறு கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 8: முதல் இரவு செய்ய வேண்டியவை

சேர்த்து முடித்தாயிற்று, விண்டோஸ் போட்டாயிற்று. விளையாட உட்காரும் முன் இன்னும் நான்கு வேலைகள் இருக்கின்றன.

மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டில் செருகியிருக்கிறதா? மதர்போர்டில் செருகிவிட்டு, கார்டே வேலை செய்யவில்லை என்று பயப்படுகிறவர்கள் உண்டு.

ராம் துண்டுகள் நான்கு இடங்கள் உள்ள போர்டில் பொதுவாக இரண்டாவதிலும் நான்காவதிலும் இருக்க வேண்டும். போர்டின் கையேட்டில் படமே போட்டிருக்கும். பிறகு பயோஸுக்குள் போய் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பை இயக்குங்கள். இதைச் செய்யாவிட்டால் காசு கொடுத்து வாங்கிய 3200 ராம் பல போர்டுகளில் 2133-லோ 2666-லோ ஓடிக்கொண்டிருக்கும். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் வேகம் தெரியும், பாருங்கள். பயோஸில் இருக்கும்போதே டிபிஎம், செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் இரண்டையும் இயக்கிவிடுங்கள். விண்டோஸ் 11-ல் வாலரண்ட் அவை இல்லாமல் திறக்காது.

விண்டோஸ் டிஸ்ப்ளே அமைப்பில் ரிஃப்ரெஷ் ரேட் 144-க்கு மாறியிருக்கிறதா? பெரும்பாலும் 60-லேயே நிற்கும். காசு கொடுத்து 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி, ஆண்டுக்கணக்கில் 60-லேயே விளையாடியவர்களை எனக்குத் தெரியும்.

கடைசியாக, ஒரு கனமான விளையாட்டை அரை மணி நேரம் ஓட்டி, வெப்பத்தைப் பாருங்கள். கார்டு 80 டிகிரிக்குள் நின்றால் நல்லது. பிராசசர் 90-ஐத் தொடுகிறது என்றால் கூலர் சரியாக உட்காரவில்லை. அல்லது கூலரின் அடியிலுள்ள பிளாஸ்டிக் தாளை உரிக்க மறந்திருப்பீர்கள். எங்கள் பெட்டியில் அந்த மே மாத இரவு, மின்விசிறி மட்டும் ஓடும் அறையில், கார்டு 71, பிராசசர் 78.

75,000-ல் 1,800 ரூபாய் மிச்சம் இருந்தது. நல்ல சர்ஜ் புரொடெக்டர் ஒன்றும், தூசி தட்ட ஒரு பிரஷும் வாங்கினோம். வடிகட்டியை மாதம் ஒருமுறை கழற்றித் தட்டுவது பையனின் பொறுப்பு. பாகங்களின் காலிப் பெட்டிகளையும் பில்லையும் அக்கா பரண் மேல் எடுத்து வைத்திருக்கிறாள். வாரண்டி முடியும்வரை அவை அங்கேதான் இருக்கும்.